பிறக்காத பிள்ளைக்குப் பின்னுவதில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் இருக்கும் டனீடின் ஊருக்குக் குடிவந்து, மகள் வளர்ந்து, அவளுக்குக் கல்யாணமும் முடிந்துவிட்டது; என் பயம் மட்டும் போகவில்லை. இங்கே தெருக்கள் எல்லாம் ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். குளிர்காலக் காலையில் பனி உறைந்துவிட்டால் வாசற்படியில் பிஸ்மி சொல்லித்தான் கால் வைப்பேன். நிலநடுக்கம் வந்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார வேண்டும் என்று பழக்குகிறார்கள். நான் பழகும்போதே அழுதவள். கீழ்வேளூரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாகக் கிடக்கும் வயலைப் பார்த்து வளர்ந்தவளை மலை மேல் குடிவைத்தால் வேறு என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பயத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து உல்லன் நூலும் மணியும்தான். உல்லன் சிட்டத்தைப் பிரித்து நாற்காலி முதுகில் மாட்டி உருண்டையாகச் சுற்றுவதிலேயே ஒரு சுகம் இருக்கிறது. இந்த ஊர் ஆட்டு ரோமத்துக்கு லேசாக ஒரு வாடை உண்டு, மழையில் நனைந்த குட்டியைத் தூக்கினாற்போல. என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளிப்பார். நான் மோந்து பார்ப்பேன். முதல் வரிசைக்குக் கண்ணி ஏற்றி, இரண்டாவது வரிசைக்குத் திரும்பும்போது விரல்கள் தாமாக ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் நெஞ்சுப் படபடப்பு எங்கே போனது என்றே தெரியாது. தப்பாகப் போனால் உருவிவிட்டு மறுபடி போடலாம், ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

மணி கோர்ப்பது வேறு வகைச் சந்தோஷம். கடுகு அளவு மணிகளை நிறம் நிறமாகச் சாப்பாட்டுத் தட்டில் கொட்டி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் குத்தியெடுத்துத் தங்கூசியில் ஏற்றுவேன். தங்கூசி வேறொன்றுமில்லை, நம் மீன்பிடி நரம்புதான். ஊருக்கு வரும்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் ஒரு சுருள் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். ஒரு தடவை இங்கே விமான நிலையத்தில் என்னை ஓரமாக நிறுத்தி, கடைசியாக எந்த ஆற்றில் மீன் பிடித்தீர்கள், தூண்டிலைக் கழுவினீர்களா என்று விசாரித்தார்கள். இது மணி கோர்க்க என்று ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். "அவ்வளவு பயமா இருந்தா அந்தக் கயித்த எதுக்கு வாங்குற ஜமீலா?" என்கிறார். இதெல்லாம் ஆம்பிளைகளுக்கு எங்கே புரியப்போகிறது.

2

சனிக்கிழமை காலைகளில் எங்கள் பகுதி நூலகத்தில் பின்னல்காரிகள் கூடுவோம். பெரும்பாலும் வயதானவர்கள். மார்கரெட் என்று ஒரு அம்மா, எண்பதை நெருங்குகிறவர், அங்கே எங்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. நான் சேர்ந்த புதிதில் என் ஊசி பிடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரில் இப்படியா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்டால் வெந்து போவோம் என்று சொன்னதில் இருந்து எங்களுக்குள் நல்ல சிநேகம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். மேசை மேல் ரிப்பன் கட்டிய பெரிய பொட்டலம். என் மகள் சபீனாவுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஆக்லாந்தில் வேலை என்பதால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றாகப் பின்னிக் கொண்டுவந்திருக்கிறார்கள். போர்வை, சட்டை, குல்லா, விரல் அளவில் காலுறை. மார்கரெட் ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைக்கிறார். என் வாய் சிரிக்கிறது. கை எதையும் பிரித்துப் பார்க்க நீளவில்லை.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளை பிறந்து அழுகைச் சத்தம் கேட்கிற வரைக்கும் நம் பக்கத்தில் அதற்கென்று ஒரு துணி வாங்க மாட்டோம், தொட்டில் கட்ட மாட்டோம். பழைய புடவையைத் துவைத்து வைப்பதோடு சரி. முஸ்லிம் வீடு, இந்து வீடு என்று இதில் பேதமே கிடையாது. வரப்போகிற உயிருக்கு முந்திக்கொண்டு சட்டை தைத்து வைத்தால், நிச்சயம் வந்துவிடும் என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்படி எழுத நாம் யார்? இந்த ஊரிலோ பிறப்பதற்கு முன்னால் எல்லாம் தயாராக இருந்தால்தான் நல்ல தாய். கூட்டத்துப் பெண்களின் பேரப்பிள்ளைகளுக்கு நானே பிறக்கும் முன்பு எத்தனையோ குல்லா பின்னிக் கொடுத்திருக்கிறேன். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் இந்தப் பயம் வருவதில்லை, பாருங்கள், எவ்வளவு வெட்கக்கேடு.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் பொட்டலத்தை வீட்டுக்குள் எடுத்துப்போகக் கால் வரவில்லை. காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கார் வீட்டுக்கு வெளியில்தானே நிற்கிறது, அதனால் வீட்டில் வைத்ததாகாது என்று மனசுக்கு ஒரு சமாதானம். மறுநாள் தக்காளிப் பை எடுக்கப் போன சபீனா அதைப் பார்த்துவிட்டாள்.

"உம்மா, இது எனக்குக் குடுத்ததா? ஏன் கார்ல வச்சிருக்கீங்க?"

"அப்புறமா எடுக்கலாம்மா. இப்ப எதுக்கு."

"ஊர்ல இருக்கிற எல்லா பேபிக்கும் பின்னுனீங்க. என் பேபிக்கு ஒண்ணே ஒண்ணு பின்னல. நான் வெயிட் பண்ணிட்டே இருந்தேன், தெரியுமா?"

அவள் குரல் உடைந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டுமென்றால் லாத்தா கதையைச் சொல்ல வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி காதில் போடுகிற கதையா அது?

3

லாத்தா என்றால் என் அக்கா, மெஹருன்னிசா. இப்போதும் கீழ்வேளூரில்தான் இருக்கிறாள். எனக்கு மணி கோர்க்க ஆசை வந்ததே அவளைப் பார்த்துத்தான். லாத்தா கை பட்டால் மணி பேசும் என்பார்கள். வாசல் தோரணம், மணிப் பை, மணி மயில் என்று எங்கள் தெருவில் அவள் செய்தது தொங்காத வீடு இல்லை.

முதல் பிள்ளை உண்டாகி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, யார் பேச்சையும் கேட்காமல் தொட்டிலுக்கு மணிக் கிளிகள் செய்தாள். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. அம்மா சத்தம் போட்டார்கள், "பொறக்கட்டும்டி, அப்புறம் கட்டு." லாத்தா சிரித்துக்கொண்டே கோர்த்தாள். ஒன்பதாம் மாதம் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அம்மா போய் அந்தக் கிளிகளை எடுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தார்கள். குறுவைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு நான் மதகுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், பச்சையாக மிதந்து போனது.

அதற்கப்புறம் லாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து நல்லபடியாக இருக்கிறார்கள். ஆனால் மணியை அவள் தொடவே இல்லை. எனக்குள் அந்தக் கிளிகள் அப்படியே தங்கிவிட்டன. சபீனா வயிற்றில் இருந்தபோது நான் ஒரு பொத்தான்கூட வாங்கவில்லை.

4

ஆனால் கை சும்மா இருக்குமா? தாய்க்குச் செய்யலாம், பிள்ளைக்குத்தான் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, ஏழாம் மாதம் சபீனாவுக்குப் பூ வைத்தபோது நீல மணியில் ஒரு வளையல் கோர்த்துப் போட்டேன். மூன்று சரத்தைப் பின்னிய வளையல். தங்கூசி இழுத்தால் இழுபடாது, அதனால் அளவு சரியாக இருக்க வேண்டும். இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சி விட்டுத்தான் முடிச்சுப் போட்டேன். சபீனாவுக்குக் கொள்ளைப் பிரியம். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

கொஞ்ச நாளில் அந்த வளையல் மணிக்கட்டில் தடம் பதிக்க ஆரம்பித்தது. முதலில் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்து உடம்பு வைத்திருக்கிறது, கை வீங்கியிருக்கிறது என்று சொல்வார்களா? பெற்ற தாயின் வாய்தான் முதலில் பலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். கெட்டதை வாயால் சொன்னால் அது கேட்டுக்கொண்டிருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? "இன்னும் ஒரு கலர் சேர்த்தா நல்லா இருக்கும், கைய நீட்டும்மா" என்று முடிச்சை அவிழ்த்துக் கழற்றி, வெள்ளை மணி சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். தடம் மறைந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளில் மறுபடி இறுகியது. இந்தத் தடவை சிவப்பு மணி சேர்த்தேன். "சூப்பரா இருக்கு உம்மா" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தலைவலி வேறு. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் வராமல் என்ன செய்யும் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம்.

இங்கே பிள்ளைத்தாய்ச்சி ஒவ்வொருத்திக்கும் ஒரு மருத்துவச்சி உண்டு. அந்த வாரம் பனி கொட்டியதில் எங்கள் மேட்டுத் தெருவுக்கு அவர் கார் ஏறவில்லை. போனில் பேசினார். சபீனா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்; அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கை கால் வீக்கம் உண்டா, மோதிரம் வளையல் இறுகுகிறதா என்று கேட்டார்.

சபீனா மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இல்லை, என் வளையல் எப்போதும் போல லூஸாகத்தான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

யா அல்லாஹ்! கத்தி என் கையில் அப்படியே நின்றது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டாமா? தொண்டைவரை வந்தது. சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு குரல். நான் வெங்காயத்தை அரிந்து முடித்தேன்.

5

நெஞ்சு கேட்கவில்லை. பிற்பகல் அசர் தொழுதுவிட்டு லாத்தாவைக் கூப்பிட்டேன். எனக்கு அசர் என்றால் அவளுக்குக் காலைப் பசியாற நேரம். வீடியோவில் இடியாப்பத் தட்டும் அவள் முகமும் பாதிப் பாதி தெரிந்தது.

"வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுடி ஜமீ. நாத்து விட்டுட்டாங்க. புள்ள எப்படி இருக்கா?"

கார்ப் பெட்டியில் இருக்கும் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். லாத்தாவாவது என் பக்கம் பேசுவாள், அதை யாருக்காவது கொடுத்துவிடு என்பாள் என்று நினைத்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எத்தன நாளா கார்ல வச்சிருக்க?"

"பயமா இருக்கு லாத்தா. உன் கிளி…"

"கிளி என்னடி செஞ்சுச்சு?"

இத்தனை வருடத்தில் நாங்கள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

"மணி புள்ளையக் கொல்லுமா? பைத்தியக்காரி. எனக்குக் கையும் காலும் தவலையாட்டம் வீங்கிக் கெடந்துச்சு. மோதிரத்த சோப்பு போட்டுத்தான் கழட்டுனேன். மண்டைய பொளக்குற தலவலி. கண்ணு முன்னால மின்னுச்சு. யார்கிட்ட சொன்னேன்? சொன்னா அம்மா கண்ணூறுன்னு மிளகா சுத்துவாங்க, நல்ல நாள்ல கெட்டது பேசுறான்னு மாமியா ஏசுவாங்கன்னு வாயப் பொத்திக்கிட்டேன். அப்புறமா ஆஸ்பத்திரில டாக்டரம்மா கேட்டாங்க, ஏம்மா இவ்வளவு வீக்கத்தோட வீட்ல இருந்தேன்னு. நான் என்னத்த சொல்ல?"

"அப்ப ஏன் நீ மணியத் தொடுறதே இல்ல?"

"தொட்டா புள்ள ஞாபகம் வருதுடி. வேறென்ன?" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சபீனாவுக்குக் கையி காலு எப்படி இருக்கு?"

போனை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். "ஜமீ, ஜமீ" என்று அது கூப்பிட்டுக்கொண்டே கிடந்தது.

சபீனா சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வெளிச்சம் கூசுகிறது என்று திரையை இழுத்து விட்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். சிவப்பு சேர்த்தும் அதற்குள் மறுபடி தடம் விழுந்திருந்தது.

"சபீனா, உன் கை வீங்கியிருக்கு. மொகமும் வீங்கியிருக்கு. வளையல் லூஸா இல்ல, நான்தான் மணி சேர்த்து சேர்த்துப் பெருசாக்குனேன். அந்தம்மாவுக்கு இப்பவே போன் போடு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மவுத்தாகும் வரை மறக்க மாட்டேன். ஒன்றும் கேட்காமல் போனை எடுத்தாள்.

6

வீட்டுக்காரர் சங்கிலி மாட்டிய டயரோடு காரை இறக்கினார். மேட்டில் ஒரு இடத்தில் வழுக்கியது. நான் கத்தக்கூட இல்லை, அதைவிடப் பெரிய பயம் உள்ளே இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்ததும் அந்த நர்ஸ் நடந்து போகவில்லை, ஓடினாள். கர்ப்பத்தில் வருகிற ரத்தக் கொதிப்பு, வலிப்பு வரலாம், பிள்ளையை உடனே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். புரியாமல் இருந்தால்தான் எனக்கு நல்லது என்று ஒரு நிமிடம் தோன்றியது.

வீக்கத்தை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று இளம் டாக்டர் என்னைக் கேட்டார். எனக்கு ஆங்கிலம் எல்லாம் போய்விட்டது. "நான் மணி சேர்த்தேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் சபீனா கையில் இருந்த வளையலைக் காட்டினேன். முதலில் நீலம் மட்டும். போன மாதக் கடைசியில் வெள்ளை. போன வெள்ளிக்கிழமை சிவப்பு. இன்றைக்கு அதுவும் பற்றவில்லை. டாக்டர் குனிந்து அந்த வளையலைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அப்புறம் கத்தரிக்கோலால் வெட்டினார். மணிகள் தரையில் சிதறி உருண்டன. முதல் தடவையாக நான் மணி பொறுக்கக் குனியவில்லை.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சபீனா என் விரலைப் பிடித்தாள். "உம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தாம்மா" என்றேன். தைரியமாக இரு என்று சொல்ல என்னிடம் தைரியம் ஏது?

பேத்தி பிறந்தாள். அழுகைச் சத்தம் கேட்டது, பூனைக்குட்டி மாதிரி. உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை விமானம் பிடித்து வந்து சேரும்போது சபீனாவுக்கு ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பித்திருந்தது. லாத்தாவுக்குச் செய்தி சொன்னேன். அவள் அழுவது மட்டும் கேட்டது, பின்னால் தெருவில் மீன்காரரின் ஹாரன் சத்தமும்.

மார்கரெட் கூட்டத்தின் பொட்டலத்தை வீட்டுக்காரர் அன்றைக்கே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் நான் தடுத்திருக்க மாட்டேன்.

7

இதை எழுதுகிற இன்றைக்கும் பிள்ளை பெட்டிக்குள்தான் இருக்கிறாள். மூக்கில் குழாய். நெஞ்சில் ஒட்டிய கம்பிகள். திரையில் பச்சைக் கோடு ஓடுகிறது. அது ஒரு முறை தடுமாறினால் மணி அடிக்கிறது, நர்ஸ் வருகிறாள், காலை லேசாகத் தட்டுகிறாள், மறுபடி ஓடுகிறது. எனக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வருகிறது. நல்லபடியாகத் தேறுகிறாள் என்கிறார்கள். நிச்சயமா என்று கேட்டால் யாரும் நிச்சயம் என்று சொல்வதில்லை, அந்த வார்த்தையை இவர்களும் பார்த்துத்தான் சொல்வார்கள் போல. சபீனா சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்து பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நேற்று மத்தியானம் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "உம்மா, இப்படி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு உட்காராதீங்க. எனக்கு இன்னும் பயமா வருது. ஏதாச்சும் பின்னுங்க."

"என்ன பின்ன? குட்டிக் குல்லாவா?"

"குல்லா இங்கயே நிறைய இருக்கு. ஒரு வயசு சைஸ்ல ஸ்வெட்டர் பின்னுங்க."

ஒரு வயசா? அடுத்த குளிர்காலத்துக்கா? நாளைக்கு என்ன என்று தெரியாத பிள்ளைக்கு அடுத்த வருடத்துச் சட்டையா? "வேணாம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சபீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் அரிந்தபோது மூடியிருந்த வாய் இது. ஊசியை எடுத்தேன், மஞ்சள் நூலை எடுத்தேன், பிஸ்மி சொல்லிக் கண்ணி ஏற்றினேன். கண்ணிகள் இறுக்கமாக விழுந்தன. உருவவில்லை, மேலே மேலே பின்னினேன். நாலைந்து வரிசை போனதும் வழக்கம் போல விரல்கள் ஓட ஆரம்பித்தன. படபடப்பு மட்டும் இந்தத் தடவை நிற்கவில்லை.

குழாயைச் சரிபார்க்க வந்த நர்ஸ், ஊசியில் தொங்கிய அகலத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இது இவளுக்கு ரொம்பப் பெரிதாச்சே என்றாள்.

"வளருவா" என்றேன்.

தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்திருக்காது. சொல்லும்போதே எனக்குக் குலை நடுங்கியது. ஆனாலும் பெட்டிக்குள் இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.